ஆசீரின் ஐந்து பட்டியல்கள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

ஆசீர் வீட்டை விட்டுப் போய் இன்றோடு பத்தொன்பது நாள்.

அம்மா அந்தோணியார் கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போயிருக்கிறாள். அப்பா முன்னறையில் பேப்பர் படிக்கிறார். அதாவது, ஒரு மணி நேரமாக ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வேலை பார்க்கிற கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுத் தம்பியின் அறையில், அவன் நாற்காலியில்.

போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. பைக் ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் நின்றது. போன் அணைந்தே கிடக்கிறது. “இருபத்தாறு வயசுப் பையன்மா, கோவம் தணிஞ்சா வந்துருவான்” என்று ஏட்டையா சொல்லி அனுப்பினார். அவர் வீட்டுப் பையனாக இருந்தால் இப்படித்தான் சொல்வாரா?

நவம்பரில் அவனுக்குச் சென்னை வேலை போனது. ஆறு மாதம் இந்த அறையில் உட்கார்ந்து கேம் ஆடினான். மே 14 சாயங்காலம் அப்பா கட்டிங் பிளேயரோடு உள்ளே வந்து இன்டர்நெட் வயரை வெட்டினார். பொன்மலை ஒர்க்ஷாப்பில் முப்பத்து நான்கு வருஷம் பழகிய கை, ஒரே வெட்டு. வெட்டியதுகூடப் பரவாயில்லை. அதற்கு முன்னால், “உக்காந்து திங்கிற நாய்க்கு என்னடா சிரிப்பு” என்று கத்தினார். ஆசீர் காதில் ஹெட்போன், வாயருகே மைக். அந்தப் பக்கம் எத்தனை பேர் கேட்டார்களோ. அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். காலையில் ஆள் இல்லை.

இன்று புது வயர் வாங்கி மாட்டினேன். கம்ப்யூட்டரில் கடவுச்சொல் எல்லாம் அப்படியே சேமித்து வைத்திருக்கிறான். கேம் வாங்கி ஆடுகிற தளங்கள் ஐந்தில் கணக்கு இருக்கிறது: ஸ்டீம், எபிக், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், இன்னொன்று வாயில் நுழையவில்லை. ஐந்திலும் தனித்தனியாக நண்பர்கள். யாராவது ஒருவருக்காவது அவன் இருக்கும் இடம் தெரியாமலா இருக்கும்?

ஐந்தையும் ஒரே திரைக்குக் கொண்டுவர ஒரு மென்பொருள் உண்டாம். இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 4

முடித்துவிட்டேன். என் வேலையே இதுதானே. தேர்வுப் பிரிவில் ஒரே மாணவன் ஒரு பதிவேட்டில் ‘எஸ். ஜெபராஜ்’ என்று இருப்பான், இன்னொன்றில் ‘ஜெபராஜ் எஸ்’ என்று இருப்பான். இரண்டையும் ஒன்றாக்கினால்தான் எனக்கு மதியச் சோறு இறங்கும்.

கேம்கள் 437. அதில் அறுபத்தொன்று இரண்டிரண்டு தளங்களில் இருக்கின்றன. பாதிக்கு மேல் திறந்தே பார்க்கவில்லை. நண்பர்கள் 143 பேர். ஒரு தளத்தில் ஒரு பெயர் என்று ஐந்து புனைபெயர் வைத்திருக்கிறான். எதிலும் ஆசீர் இல்லை.

143 பேரில் ஒருவர்கூட இரண்டு பட்டியலில் இல்லை. இரட்டைப் பதிவைத் தேடுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

பிளேஸ்டேஷன் பட்டியலில் நானும் இருக்கிறேன். கொரோனா சமயத்தில் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்து, கார் ஓட்டச் சொல்லித்தந்தான். நான் சுவரில் முட்டும்போதெல்லாம் தரையில் உருண்டு சிரிப்பான். அவன் பெயருக்குக் கீழே, கடைசியாக வந்தது மே 14 என்று இருக்கிறது. ஐந்திலும் அதே தேதிதான்.

அவன் பெயரில் திறப்பதால், நண்பர்கள் கண்ணில் படாமலிருக்க ஒவ்வொரு தடவையும் ‘மறைந்திரு’ என்று மாற்ற வேண்டும்; மாற்றினேன். அவன் எங்கிருந்தாவது வந்தால் எனக்குத் தெரியும்படி என் போனில் அறிவிப்பும் வைத்தாயிற்று.

ஜூன் 5

ஒன்றும் இல்லை. போனைக் குளியலறைக்குக்கூடக் கொண்டுபோகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

தூய ஆவி பெருவிழா. கோயிலில் நிற்க இடமில்லை. அப்பா வரவில்லை, அவர் கோயிலுக்கு வந்து மூன்று வாரமாகிறது. சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கிவிட்டு இடத்துக்கு வந்தபோது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பூசையில் போனைப் பார்க்கக்கூடாது என்று அம்மாவே ஆயிரம் தடவை திட்டியிருக்கிறாள். பார்த்தேன்.

ஆசீர் வந்திருக்கிறான். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

அம்மா காதில் சொன்னேன். ஏன் சொன்னேன்? இரண்டு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா? அம்மா அப்படியே முழங்காலில் விழுந்தாள். கடைசி ஆசீர்வாதத்துக்குக்கூட நிற்காமல் வெளியே ஓடிவந்தோம். ஆட்டோ ஓட்டியவரிடம், “எம் புள்ள உயிரோட இருக்கான் தம்பி, இப்பதான் தெரிஞ்சுது” என்றாள். அவர் பாவம், என்னவென்று தெரியாமலே, “ரொம்ப சந்தோஷம்மா” என்றார்.

வீட்டுக்குள் நுழைந்தால் ஆசீர் அறையில் விளக்கு எரிகிறது. அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

நாற்காலியில் அப்பா. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார். போட்டதும் அந்த மென்பொருள் தானாகத் திறந்து, ஆசீர் பெயரில் ஐந்து தளத்துக்குள்ளும் போய்விட்டது. அப்பாவுக்கு ‘மறைந்திரு’ பற்றியெல்லாம் என்ன தெரியும்? திரை முழுக்க அவன் நண்பர்கள், “டேய் வந்துட்டியா”, “எங்கடா போன” என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

“நான் எதையும் தொடலம்மா. பாக்கலாம்னுதான் போட்டேன். இத எப்படி நிறுத்துறது?” என்று அப்பா என்னைக் கேட்டார்.

அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 9

அம்மாவுக்குக் காய்ச்சல். என்னோடு பேசவில்லை. அப்பாவோடும்.

ஜூன் 12, வியாழன்

ஞாயிறன்று ‘எங்கடா போன’ என்று எழுதியவர்களில் ஒருத்திக்கு மட்டும் நேற்று என் நம்பர் கொடுத்தேன். நஜீமா. உறையூரில் வீடு, பார்மசி படிக்கிறாள். ஸ்டீமில் இரண்டு வருஷமாக அவனோடு ஆடுகிறாளாம், நேரில் பார்த்ததே இல்லையாம். உறையூருக்கும் எங்கள் கே.கே. நகருக்கும் ஒரு பஸ் தூரம்.

வேலை போனது அவளுக்குத் தெரியும். அப்பா கத்தியதையும் கேட்டிருக்கிறாள். “அன்னிக்கு லைன் கட்டாகுறதுக்கு முன்னாடி அவர் ‘சாரி’ன்னு மட்டும் சொன்னாருக்கா. எங்ககிட்டதான் சொன்னாரு” என்றாள்.

மீதி ஆட்களையும் ஒரே குழுவாகச் சேர்த்து விசாரிக்கப் போகிறேன் என்றேன். அவள் சொன்னாள்: “வேணாங்க்கா. ஒவ்வொரு எடத்துலயும் அவர் தன்னப் பத்தி ஒவ்வொண்ணு சொல்லி வச்சிருக்காரு. எனக்கே கொஞ்சந்தான் தெரியும். தனித்தனியா கேளுங்க. எல்லாரையும் ஒரே எடத்துல விட்றாதீங்க.”

சரி என்றேன். மனசுக்குள், இவள் யார் எனக்குச் சொல்ல என்றுதான் இருந்தது.

ஜூன் 14, சனி

ஸ்டேஷனிலிருந்து காலையில் போன். கொள்ளிடத்தில் ஓர் உடல், இருபத்தைந்து முப்பது வயது இருக்குமாம். வந்து பாருங்கள் என்றார்கள்.

அம்மாவிடம் ரேஷன் கார்டு வேலை என்று பொய் சொல்லிவிட்டு அப்பாவும் நானும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். என்னை வெளியே வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் ஜெபிக்கவில்லை. 143 பேரில் இன்னும் யாரைக் கேட்கவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பா வெளியே வந்து தலையை ஆட்டினார். “இல்ல.” பைப்பில் முகம் கழுவினார். மறுபடியும் கழுவினார். “யாரு பெத்த புள்ளயோ” என்றார். டவுன் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

இன்னொரு தடவை இப்படிப் போக என்னால் முடியாது. தனித்தனியாக 143 பேரைக் கேட்டு முடிக்க ஆடி வந்துவிடும்.

ஜூன் 16, திங்கள்

செய்துவிட்டேன்.

எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்தேன். இணைப்பை அவன் கணக்கிலிருந்தே ஐந்து தளத்துக்கும் அனுப்பினேன், அப்போதுதான் நம்புவார்கள் என்று. சாயங்காலத்துக்குள் தொண்ணூற்றாறு பேர் வந்துவிட்டார்கள். உண்மைப் பெயர், போட்டோ, ஐந்து புனைபெயரும் ஒரே ஆள்தான் என்பது, வேலை போனது, வீட்டில் சண்டை, பைக் நின்ற இடம் — ஒன்று விடாமல் எழுதிப் போட்டேன். ஒரு நல்ல பதிவேடு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். யார் என்ன எழுதுகிறார்கள் என்று நான் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் எல்லோரும் நல்லபடியாகத்தான் எழுதினார்கள். அப்புறம் ஒருவன், இவர் பெங்களூரில் டீம் லீடர் என்றாரே என்றான். இன்னொருவன், எங்களிடம் கனடாவுக்கு விசா வந்துவிட்டதாகச் சொன்னாரே என்றான். அதன்பிறகு எக்ஸ்பாக்ஸ் பட்டியலில் இருந்து ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார்: அப்பாவோடு சண்டை என்று போட்டிருக்கிறீர்களே, இவருடைய அப்பா இரண்டு வருஷம் முன்பே இறந்துவிட்டாரே, நாங்கள் அன்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் மௌனமாக இருந்தோமே.

நான் படித்துச் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். ஆனால் அப்பாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும்.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “ரெண்டு வருசம்னா, அப்ப அவன் வேலையிலதான இருந்தான்” என்றார். வயர் வெட்டியதெல்லாம் அதற்கு எவ்வளவோ பின்னால். எழுந்து போய் மோட்டாரைப் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்.

ஜூன் 17

அப்பா ஒன்றுமே நடக்காதது போல் இருக்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

குழு நாறிப்போய்விட்டது. ஆசீர் எங்கே என்று கேட்பவர் யாரும் இல்லை. அவன் யாரிடம் என்ன சொன்னான் என்று பழைய பேச்சையெல்லாம் போட்டோ எடுத்துப் போட்டு ஒப்பிடுகிறார்கள். சிரிப்புப் படங்கள் வேறு. வேலை போன துக்கத்தில் ஒருத்தனிடம் அழுதிருக்கிறான். அதையும் ஒருவன் போட்டுவிட்டான். குழுவைக் கலைத்தேன். கலைத்து என்ன, அவர்கள் வேறொன்று தொடங்கிவிட்டார்கள். என்னைச் சேர்க்கவில்லை.

நஜீமா கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “சொன்னேனேக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

ஒரு இடத்தில் வேலைக்காரன், ஒரு இடத்தில் வெளிநாடு போகப் போகிறவன், ஒரு இடத்தில் அப்பா இல்லாத பிள்ளை. நஜீமா இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அவனாக. இதையெல்லாம் அவன் எவ்வளவு பாடுபட்டுத் தனித்தனியாக வைத்திருந்தான். நான் ஒரே நாளில் ஒன்றாக்கிவிட்டேன். கெட்டிக்காரி.

ஜூன் 25

அம்மா இன்று பேசினாள். “சாம்பாருக்கு உப்பு போதுமா பாரு” என்றாள். போதவில்லை. போதும் என்றேன்.

ஜூலை 2, புதன்

காலையில் கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன் வழக்கம்போல் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஸ்டீம் திறக்கவில்லை. கடவுச்சொல் தவறு என்கிறது. எபிக்கும் அதேபோல். நெட்தான் சரியில்லை என்று நினைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளேஸ்டேஷன் வெளியே போனது. இரண்டு நிமிஷம் கழித்து எக்ஸ்பாக்ஸ். பிறகு அந்த வாயில் நுழையாத தளம். 437 கேமும் ஒன்றொன்றாகத் திரையை விட்டுப் போயின.

யாராவது திருடுகிறார்களா? நஜீமாவைக் கூப்பிட்டேன். “கடவுச்சொல்ல மாத்தணும்னா அவர் நம்பருக்கு ஓடிபி வரணும்க்கா. அந்த சிம் கையில இருக்கறவங்கதான் மாத்த முடியும்” என்றாள். பேசிக்கொண்டே தன் பட்டியலைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. திடீரென்று குரல் மாறியது. “என்னையும் எடுத்துட்டாருக்கா.”

என் போனைப் பார்த்தேன். என் பிளேஸ்டேஷன் பட்டியலில் இருந்ததே அவன் ஒருவன்தான். இப்போது பூஜ்யம் என்று இருக்கிறது.

அவன் நம்பருக்கு அடித்தேன். மணி போனது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக மணி போனது. மூன்று தடவை மணி அடித்ததும் துண்டித்தான். மறுபடி அடித்தால் போகவே இல்லை. என் நம்பரைத் தடுத்துவிட்டான்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, வேறென்னவா, தெரியவில்லை. மறுபடியும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று அம்மாவிடம் போகாமல் இருந்தேன். ஸ்டேஷனுக்கு நானே போய்ச் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஸ்டேஷனிலிருந்து சொல்லிவிட்டார்கள். போன் சிக்னலை வைத்துத் தேடினார்களாம்: ஆசீருக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை. ஆளை நேரில் பார்த்தார்களாம், நன்றாக இருக்கிறானாம். வீட்டுக்கு வர இஷ்டமில்லை, முகவரி தரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். மேஜர் பையன், எங்கள் வேலை முடிந்தது என்றார் ஏட்டையா.

அம்மாவிடம் சொன்னோம். “பாத்தாங்களா? கண்ணால பாத்தாங்களா?” என்று நாலு தடவை கேட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அப்பா சாப்பிடவில்லை. ஆசீர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த நண்பர்கள் எல்லோரிடமும் சொல்லியாயிற்றா என்று கேட்டார். சொல்ல யாரும் இல்லை அப்பா, 143 பேரையும் எடுத்துவிட்டானாம், நஜீமாவைக்கூட, அவள்தான் விசாரித்துச் சொன்னாள், என்றேன்.

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“நாமளும் இல்ல, அவங்களும் இல்லன்னா, இப்ப ஒரு காய்ச்சல் தலவலின்னா அவன் யார்கிட்டம்மா சொல்லுவான்?”

நான் கம்ப்யூட்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.