அவர் அங்க வந்துட்டாரா, அக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்க இறந்த பிறகு உங்க வீட்டுக்காரரைக் கட்டிக்கிட்டவ எழுதுறேன். நேத்து சமயநல்லூர் கல்லறைத் தோட்டத்துல உங்க பக்கத்துலயே அவரை அடக்கம் பண்ணிட்டோம்.

ஆஸ்பத்திரியில கடைசி நாள் அவர் முகம் தெளிஞ்சிருந்துச்சு. "ரோஸ்லினைப் பாக்கப் போறேன்"னு சொன்னாரு. பத்தொன்பது வருசம் கூட இருந்த எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

"அப்ப அங்க வந்தா உங்களுக்கு நான் யாரு?"ன்னு கேட்டேன்.

கையைப் பிடிச்சுக்கிட்டு, "பிள்ளையை வளத்தவ நீ. என்னையவிட ரோஸ்லின்தான் உனக்காகக் காத்திருப்பா"ன்னாரு.

உங்க மக தமிழ்வாணிக்கு இப்ப ஏழாம் மாசம். அஞ்சு வயசுல சோறூட்டப் போன என் கையைத் தட்டிவிட்டவ, நேத்து என் தோளை விடவே இல்ல.

பேரப்பிள்ளையைக் கொஞ்சம் வளத்துட்டுத்தான் வருவேன், அக்கா. அதுவரைக்கும் அவரைப் பாத்துக்கங்க.

இப்படிக்கு,
உங்க தங்கச்சி