விதை மிளகாய்

வல்லத்திராக்கோட்டை
12-3-68

அன்புள்ள மாப்பிள்ளை முனியசாமிக்கு,

இவ்விடம் நலம் என்று எழுதத்தான் ஆசை. கொழும்பில் வெளிநாட்டு மிளகாய் வற்றலை இறக்க விடமாட்டார்களாமே, மெய்யா? வழக்கமாக வாங்கும் தூத்துக்குடி வியாபாரி வரவேயில்லை. மூட்டைகள் வீட்டை அடைத்துக் கிடக்கின்றன. என் வீட்டுக்காரி பொன்னுத்தாய் தும்மிக்கொண்டே சமைக்கிறாள். தங்கச்சி செவந்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்
மூக்கன்

கொழும்பு
2-4-68

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

மெய்தான். சர்க்கார் தடை போட்டுவிட்டது. முதலாளி வற்றல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியை மூடி, என் சீட்டையும் கிழித்துவிட்டார். ஆனால் இங்கே விளையும் மிளகாய்க்கு இப்போது தங்க விலை. வவுனியாவில், விளைச்சலில் பங்கு கொடுப்பதாக, வாரத்துக்கு நிலம் பிடித்திருக்கிறேன். உங்கள் சம்பா மிளகாய் விதை கொடுத்தனுப்பினால் நானும் செவந்தியும் பிழைத்துக்கொள்வோம். கோபிக்காதீர்கள், உங்களை விட்டால் யாரைக் கேட்பேன்?

முனியசாமி

வல்லத்திராக்கோட்டை
20-8-68

அன்புள்ள மாப்பிள்ளை,

கீரனூர் நாகராசு கப்பலேறுகிறார். அவரிடம் விதை கொடுத்திருக்கிறேன். இங்கே வற்றல் பூசணம் பிடித்து, பாதியைக் குப்பைக் குழியில் கொட்டினோம். உழவு மாடு இரண்டையும் விற்றாயிற்று. எங்கள் மிளகாய் வராததால்தானே அங்கே தங்க விலை! நினைத்தால் வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

மூக்கன்

வவுனியா
5-12-68

மச்சான்,

விதையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. வேறு விதை தேடுவதற்குள் பருவம் தப்பிவிட்டது. நிலத்துக்காரர் நிலத்தைத் திருப்பிக் கேட்கிறார். விதைத்தது செவந்தி. "எங் கையி ராசியில்லாத கையி" என்று சோற்றுப் பானையைக்கூடத் தொடாமல் கிடக்கிறாள். அண்ணன் சொன்னால் கேட்பாள். இரண்டு வரி எழுதுங்கள்.

முனியசாமி

வல்லத்திராக்கோட்டை
22-12-68

மாப்பிள்ளை,

அவள் கைமேல் குற்றமில்லை. விதையைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டெடுத்து, காயவைத்துத்தான் கொடுத்தனுப்பினேன். என் மிளகாய் குப்பையில் கிடக்க, என் விதையிலேயே நீங்கள் தழைப்பதைப் பொறுக்க முடியவில்லை. கூடப் பிறந்தவள் வயிற்றில் அடித்த பாவி நான். இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மூக்கன்

வவுனியா
14-1-69

மூக்கன் அவர்களுக்கு,

வாசித்துக் காட்டினேன். செவந்தி நம்பவில்லை. "எங்கண்ணன் அப்படிச் செய்யுமா? என்னையத் தேத்துறதுக்காகப் பழியத் தந் தலையில போட்டுக்கிருச்சு" என்று முன்னைவிட அதிகமாக அழுகிறாள்.

நான் நம்புகிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு ஒன்று இருக்கட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுதினால் வாசித்துக் காட்டுவேன்.

முனியசாமி