நீ அனுப்பிய கண் சொட்டு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். அங்கே நீங்கள் மூவரும் நலம் என்று நீ அனுப்பும் படங்களிலிருந்து தெரிகிறது, எல்லாவற்றிலும் பல் தெரிகிறது. முதலில் முக்கியச் செய்தி. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கூடத்து பல்பை மாற்றுவது என்று நம் குடும்பம் ஏகமனதாகத் தீர்மானித்தது. அப்பா ஏணியில் ஏறினார், நான் பிடித்துக்கொண்டேன், எதிர் வீட்டுக்காரர் வாசலில் சாட்சியாக நின்றார். பெரிய பல்பு எரிந்தது. எல்லோருக்கும் வெளிச்சம் வந்தது, எனக்கு மட்டும் பல்பைச் சுற்றி ஒரு வளையம் வந்தது, கூடம் பழையபடி மங்கலாகவே இருந்தது. என் பேச்சை நம்பி, மட்டமான பல்பு என்று அப்பா கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். அவரும் பாவம், இரண்டு முறை மாற்றிக் கொடுத்தார்.

அதற்குள் நம்மிடம் பெயின்ட் வாங்கிய பல் டாக்டர் சண்டைக்கு வந்துவிட்டார். நம் பெயின்ட் கடையில் கலவை என் பொறுப்பு என்பது உனக்கு மறந்திருக்காது, கலந்ததும் விரலால் தொட்டு டப்பா மூடியில் ஒரு பொட்டு வைத்து, வாசல் வெயிலில் மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் கொடுப்பேன். அவர் காத்திருப்பு அறைக்குப் போட்ட வெள்ளை பாதியில் தீர்ந்து, மறுபடி கலந்து கொடுத்தேன். மனுஷர் நேரே வந்து, ஏம்மா, பாதிச் சுவர் வெள்ளை, பாதி நீலம், வர்றவங்க எந்தப் பக்கம் உக்காரணும்னு கேக்கறாங்க என்றார். உங்க ஊசியைப் பாத்துப் பயந்தவங்களுக்கு எல்லாம் நீலமாத்தான் தெரியும் என்று அனுப்பிவிட்டேன். அதே வாரம் இன்னும் இரண்டு பேர் நிறம் சேரவில்லை என்று டப்பா மூடியோடு வந்ததும் அப்பா கடையைப் பூட்டி என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும், ஆனால் கேட்டுவிட்டுப் பேசுகிறவள். இரண்டு கண்ணிலும் புரை என்றாள். புரை என்பது கண்மேல் படரும் ஏடு இல்லையாம், கண்ணுக்குள் கண்ணாடி மாதிரி இருக்கும் லென்ஸே கலங்கிப் போவதாம், அதனால் துடைக்கவும் முடியாது, மருந்தில் கரைக்கவும் முடியாது. வயதானால் யாருக்கும் வரும், சர்க்கரை நோய், சிகரெட், கண்ணில் அடி, ஓயாத வெயில் இவையெல்லாம் சீக்கிரம் கொண்டுவரும். ஏதாவது மருந்து போடறீங்களா என்று கேட்டாள். நான் பெருமையாகப் பையைத் திறந்து உன் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அதில் எழுதியிருந்ததைப் படித்ததும் முகம் மாறி, இதை யாரும்மா போடச் சொன்னது என்றாள். பையன் என்றேன். பையன் டாக்டரா என்றாள். இல்லம்மா, நல்லாப் பேசுவான் என்றார் உன் அப்பா.

பெயின்ட் நெடியில் கண் அரிக்கிறது என்று நான் போனில் சொன்னபோது, டாக்டர்கிட்ட போனா அலைய விடுவாங்கம்மா, இவளுக்கு இதுல ஒரே நாள்ல நின்னுச்சு என்று மருமகளின் சொட்டு மருந்தை அனுப்பினாயே, அது ஸ்டீராய்டாம். டாக்டர் கண்காணிப்பில் சில நாள் போட வேண்டியதாம். வருடக்கணக்கில் போட்டால் புரையை வரவழைக்கும், அதோடு கண்ணுக்குள் அழுத்தத்தையும் ஏற்றுமாம், வலிக்கவே வலிக்காதாம். புரையை எடுத்துடலாம், அழுத்தத்துல பார்வை நரம்பு செத்தா திருப்ப முடியாதும்மா என்றாள். இத்தனை வருடத்தில் என் பிறந்தநாளை நீ மறந்தாலும் மருந்துப் பார்சலை ஒருமுறைகூட மறந்ததில்லை. பார்வை மங்குதுடா என்று சொன்னபோது, ரெண்டு வேளை பத்தாது, மூணு வேளை போடு என்றாய். போட்டேன். இடக்கண் அதிகம் அரித்ததால் அதற்குக் கூடுதலாகவே போட்டேன். சொன்ன பேச்சைக் கேட்கும் தாய் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

புரை முத்தட்டும், முத்தினாத்தான் எடுப்பாங்க என்று உன் மாமா போனில் சொன்னார், என் கண்ணைத் தோட்டத்துக் காய் என்று நினைத்துவிட்டார் போல. அதெல்லாம் அந்தக் காலமாம். முதலில் வலக்கண்ணை மரக்கச் செய்து, ஊசி நுழையும் அளவுக்குக் கீறி, கலங்கிய லென்ஸை அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுத்து, மடித்த செயற்கை லென்ஸை உள்ளே விரித்துவிட்டார்கள். கட்டுப் பிரித்ததும் அப்பாவின் வெள்ளைச் சட்டை வெள்ளை இல்லை என்று தெரிந்தது. பல் டாக்டர் அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். பாதிச் சுவர் நீலம்தான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இடக்கண்ணுக்கும் செய்தார்கள்.

இந்தக் கடிதத்தை உன்னைத் திட்டுவதற்காக மட்டும் எழுதவில்லை. போன வாரம் வீடியோவில் பேத்தி, பாட்டி, எனக்கும் உங்க சொட்டுதான் என்று கண்ணை விரித்துக் காட்டினாள். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். மருமகளையும் குழந்தையையும் நாளைக்கே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, பாட்டிலையும் கையோடு எடுத்துப் போ, கண்ணின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல். இணையத்தில் பார்த்தேன், ஒன்றும் ஆகாது என்று ஆரம்பிக்காதே. அங்கே டாக்டர் பேசுவார், நீ வாயை மூடிக்கொண்டு கேள். அவர் சொன்னதை அப்படியே எனக்குச் சொல், அதுவரை போன் செய்யாதே. பார்சலும் வேண்டாம். மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள், கண்ணும் உடம்பும் நன்றாக இருக்கட்டும். உனக்கும் உண்டு, மிச்சம் இருந்தால்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: இடக்கண்ணைப் பற்றி அப்பா உன்னிடம் சொல்ல மாட்டார். புரையைச் சுத்தமாக எடுத்துவிட்டார்கள். லென்ஸும் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பார்வை வரவில்லை.