சூசையின் கொடி

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே புழுக்கம். காற்று துளியும் இல்லை.

செய்ய வேண்டியவை: இரண்டாமாண்டு விடைத்தாள். கேஸ் சிலிண்டர் பதிவு. வசந்திக்கு அட்டவணை.

ஒன்றும் நடக்கவில்லை. பதினொரு மணிக்கு முதல்வர் கூப்பிட்டார். விசைப்படகுகள் தரையை வாரும் மடிவலை இழுப்பதால் கடலடி என்ன ஆகிறது என்று நானும் யாழ்ப்பாணத்துப் பேராசிரியை வசந்தியும் செய்யும் ஆய்வை நிறுத்த வேண்டுமாம். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றும் கூட்டு. 'கரைத் தகவலை வெளிநாட்டுக்குத் தருகிறார்' என்று என் மேல் புகார். கொடுத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். நிர்வாகக் குழுவில் ஒரு விசைப்படகு முதலாளி இருக்கிறார். எந்தெந்தப் படகு விதியை மீறிக் கரையை ஒட்டி மடி இழுக்கிறது என்று நாட்டுப்படகுக்காரர்கள் என்னிடம் சொன்னது அவருக்குக் கசக்கிறது.

"களக் குறிப்பேட்ட ஒப்படைச்சுருங்கம்மா. இல்லேன்னா வேலைக்கே ஆபத்து."

மார்ச் 4, செவ்வாய்

ஒப்படைத்துவிட்டேன். கொஞ்சம் திமிரோடுதான். தேடிப் பார்க்கட்டும், ஒரு பெயர்கூட இருக்காது. பேசியவர்களை அவரவர் வலையில் கட்டும் கொடியின் நிறத்தால்தான் குறித்திருக்கிறேன். ஊதா இன்னது சொன்னார், பச்சை-மஞ்சள் இன்னது சொன்னார். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு கேன்டீனில் இரண்டு வடை.

வசந்தி போனில்: "பயப்பிடாதேங்கோ. எல்லாரிட்டயும் கையெழுத்து வாங்கிறம். உங்களைத் தனிய விடமாட்டம்."

போனை வைத்ததும் அழுதேன்.

மார்ச் 5, புதன்

முறைப்படி இன்று விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள், நாட்டுப்படகுகளுக்கு ஓய்வு. கல்லூரி வாசலில் சூசை. தங்கச்சிமடம், நாட்டுப்படகு. ஆறு மாதமாக என்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போனவர்.

"டீச்சர், ஊதாக் கொடின்னு எழுதியிருக்கிங்களாமே? மொதலாளி ஆளுக கரையில சொல்லிட்டுத் திரியிறாங்க."

"பேர் போடலையே அண்ணே."

"பேரு எதுக்கு? ஊதான்னா சூசை வலைன்னு கரையில சின்னப்புள்ளைக்கும் தெரியும். யார் வலை எங்கன கெடக்குன்னு தெரியத்தான கொடியே கட்டுறோம்."

நான் சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் வளர்ந்தவள். கொடி எனக்கு வெறும் நிறம். ஆறு மாதம் பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. இதற்கு ஒரு முனைவர் பட்டம் வேறு.

ஓடிப்போய்க் குறிப்பேட்டைத் திருப்பிக் கேட்டேன். முதல்வர்: "குழு பாத்துக்கிட்டிருக்கும்மா." குழு என்றால் அந்த முதலாளி.

மார்ச் 6, வியாழன்

வகுப்பு மூன்று. என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. கேஸ் சிலிண்டர் இன்னும் பதியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

வசந்தி சொன்ன கடிதம் முதல்வருக்கு வந்துவிட்டது. பல நாட்டுப் பேராசிரியர்கள், இரண்டு பக்கக் கையெழுத்து. என் மேல் கை வைத்தால் கல்லூரியோடு உள்ள மற்ற ஒப்பந்தங்களும் நிற்கும் என்று நேரடியாகவே எழுதிவிட்டார்கள். மதியம் முதல்வர் முகம் முழுக்கச் சிரிப்பு. விசாரணை கிடையாது, ஆய்வைத் தொடரலாம். குறிப்பேடும் வந்தது. ஊதாப் பக்கத்தின் ஓரம் மடித்திருந்தது.

சூசைக்குப் போன். ராத்திரிக்கு வலை விடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"கொடி கட்டல டீச்சர். விடிஞ்சா விசைப்படகு போற நாளு. ஊதாவப் பாத்தா வேணுமின்னே வலை மேல படக ஏத்துவானுக. தெரியாமக் கெடக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கென்ன தெரியும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

வலை போயிற்று. காலையில் போன விசைப்படகு மேலே ஏறி அறுத்துக்கொண்டு போய்விட்டது. கேட்டதற்கு, "கொடி இல்லாத வலைய நாங்க எப்பிடிக் கண்டோம்?" கரையில் நின்றவர்களும் அதற்குத் தலையாட்டினார்களாம். கொடி கட்டாதது சூசை தப்புதானே என்று.

தங்கச்சிமடம் போனேன். மிஞ்சிய துண்டை மணலில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தப்புதான் என்றேன். நிமிராமலே கேட்டார்:

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லண்ணே. வெளிநாட்டுலருந்து எல்லாரும் சேந்து எழுதுனாங்க."

"நல்லது. எங்களுக்கும் எழுதுனாங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன். கடிதத்தில் ஆய்வு செய்யும் எங்கள் பெயரெல்லாம் உண்டு. இவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

படகிலிருந்து ஊதாத் துணியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வேற நெறம் கட்டணும். என்ன நெறம்னு ஒங்ககிட்டச் சொல்ல மாட்டேன். தப்பா நெனைக்காதிங்க."

குறிப்பேட்டில் உள்ள அந்தப் பச்சை-மஞ்சள்காரருக்கு நான்கு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை.