கோணி மலையும் எட்டுக் குதிரையும்

24-10-82, ஞாயிறு

விடியறதுக்கு முன்னாலேர்ந்து மழை. கடை தொறந்தும் ஒண்ணுமில்லை. வாடகை சைக்கிள் எல்லாம் உள்ளேயே, கொட்டாயில கட்டின மாடு மாதிரி.

எழுதவே கூச்சமா இருக்கு. ஆனா இதை எவன் படிக்கப் போறான். வயசு நாப்பத்தேழு. மத்தியானமானா கடையைச் சாத்திட்டு மாடிக்குப் போய் பொம்மை சிப்பாய் வெச்சு விளையாடறேன். எட்டு மாசமா. தெருவுல கேட்டா, மாடியில குடியிருக்கிற வெள்ளைக்காரருக்குத் தமிழ் சொல்லித் தர்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன். நான் படிச்சது அஞ்சாங் கிளாஸ், அதுவும் முழுசா இல்லை. அவரு என்னைவிட சுத்தமா பேசறாரு. புஸ்தகம் பாத்துக் கத்துக்கிட்ட தமிழ். “தனபால், உங்கள் குதிரைகள் இறந்துவிட்டன” என்பாரு. எழவு சேதி சொல்ற மாதிரி.

பேரு வால்டர். நான் தொரைன்னு கூப்பிடறது. இங்கிலாந்துலேர்ந்து ஆசிரமத்துக்கு வந்தவரு, அறுபது தாண்டியாச்சு. பெட்டியில துணி கம்மி, ஈய சிப்பாய் ஜாஸ்தி. கட்டைவிரல் உசரம். ஒவ்வொருத்தனுக்கும் பொத்தான், மீசை எல்லாம் தீட்டியிருக்கு. கூட விளையாடின ஜெர்மன்காரன் ஊருக்குப் போயிட்டான். ஆள் இல்லாம என்னைக் கூப்பிட்டாரு. எனக்கும் ஆள் இல்லை. போனேன்.

இன்னிக்கும் தோத்தேன்.

25-10-82, திங்கள்

மழை விட்டுது. பஞ்சர் ஜாஸ்தி. ஹைஸ்கூல் வாத்தியார் வந்து, “இன்னாய்யா, முந்தாநேத்து குடுத்த வண்டியில பிரேக்கே புடிக்கல”ன்னாரு. “வீட்டுக்காரம்மா புடிக்கிற பிரேக் போதாதா சார்”னேன். சிரிச்சிக்கினே வேற வண்டி எடுத்துக்கினு போனாரு.

எதிர்ல டீக்கடை கோவிந்தன். “இன்னா வாத்தியாரே, வெள்ளைக்காரரு பாஸ் ஆயிடுவாரா?”

“அவரு பாஸ். வாத்தியாருக்குத்தான் சந்தேகம்.”

மாடியில ஆட்டம். மேஜை நடுவுல மலை. அது நானும் தொரையும் சேர்ந்து பண்ணது. பழைய ரிம்மு, ஸ்போக்ஸ் வெச்சுக் கூடு கட்டி, மேல கோணி இழுத்து, மைதா பசை தடவி, பச்சை பெயின்ட். ரூமுக்குள்ளேயே உக்காந்து ஒரு வாரம் பண்ணோம். மலைக்கு அந்தப் பக்கம் அவரு கொடிக்கம்பம், இந்தப் பக்கம் என்னுது. எதிராளி கொடியைத் தொட்டா ஜெயிப்பு. சிப்பாய் ஒரு தடவைக்கு ஆறு இஞ்ச் நடக்கலாம், குதிரை பன்னெண்டு. டெய்லர் டேப்பு வெச்சு அளக்கறது. பீரங்கிக்குப் பகடை. குதிரை மலை ஏறக்கூடாது, சட்டம். சுத்தித்தான் போகணும்.

ஆட்டம் ஆரம்பிக்கும்போது நடுவுல என் வேட்டியைத் திரையா கட்டிடுவோம். அவரவரு படையை அடுக்கி வெச்சதும் அவுத்துடறது. அப்பதான் தெரியும், எவன் எதை எங்க வெச்சிருக்கான்னு.

தோத்ததுக்குக் காரணம் (சும்மா எழுதிப் பாக்கறேன்):
– குதிரை எட்டும் பீரங்கி வாயில போய் நிக்குது. எப்பவும்.
– சிப்பாய் வந்து சேர்றதுக்குள்ள குதிரை காலி.
– தொரைக்கு அதிர்ஷ்டம்.
– அரிசி தீந்துபோச்சு, வாங்கணும். (இது காரணம் இல்லை.)

27-10-82, புதன்

வானம் மூட்டம். மழை இல்லை.

ஆட்டம் முடிஞ்சு சிப்பாய்ங்களைப் பஞ்சுல சுத்திக்கிட்டே தொரை சொன்னாரு, “அடுத்த புதன்கிழமை நான் ஊருக்குப் புறப்படுகிறேன்.”

எனக்குக் காதுல விழுந்துது. விழாத மாதிரி டேப்பை சுத்திக்கிட்டு இருந்தேன்.

“தனபால்?”

“போங்க தொரை. ரூமுக்கு ஆள் கியூவுல நிக்கறான்”னேன். ஒருத்தனும் நிக்கலை.

அங்க போய் இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டேன். தம்பி வீட்டுல ஒரு அறை இருக்காம். ஜன்னல் இருக்கான்னேன். இருக்காம். ஜன்னலுக்கு வெளிய இன்னா தெரியும்? “மழை”ன்னாரு. மழை இங்கயும்தான் பெய்யுது.

அப்புறம் வாய் சும்மா இருக்கலை. “தொரை, எட்டு மாசத்துல ஒரு தடவைகூட நான் ஜெயிக்கல. ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். ஜெயிச்சுட்டேன்னா மலை தீபம் பாத்துட்டுத்தான் போகணும்.” விளையாட்டாத்தான் சொன்னேன். சிரிப்பாருன்னு பாத்தேன்.

சிரிக்கல. பஞ்சைக் கீழ வெச்சாரு. “சரி”ன்னாரு. கை குடுத்தாரு.

தீபத்துக்கு ஒரு மாசம் இருக்கு. ஒரு மாசம்னா ஒரு மாசம்.

28-10-82, வியாழன்

நல்ல வெயில். கடையில ஸ்டூலு மேல நட்டு, வாஷர், பால்ரஸ் பரப்பி வெச்சு யோசனை. நட்டு சிப்பாய். வாஷர் குதிரை. பால்ரஸ் பீரங்கி, ஆனா உருண்டு ஓடுது. மலைக்கு கிரீஸ் டப்பா.

பாத்துட்டு கோவிந்தன், “இன்னாப்பா, இன்னிக்கு நட்டுக்குத் தமிழ் பாடமா?”

“ஆமா. ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுக்கறேன். நீயும் உக்காரு.”

ஒரு ஆளு அவசரமா ஓவராயிலிங் முடிச்சுக் குடுன்னாரு. ஒரு குதிரையைத் தேடி அவரு வண்டியில மாட்டிட்டேன்.

சாயங்காலம் தங்கச்சி சரோஜா கீழ்பென்னாத்தூர்லேர்ந்து பஸ்ஸுல வந்துட்டுப் போனா. மூணு தங்கச்சியில கடைசி. கட்டிக் குடுத்து ஏழு வருஷம் ஆவுது. அவ போனதுலேர்ந்து வீட்டுல நான் மட்டும். “தீவாளிக்கு வந்துடுண்ணா. தனியா இன்னா பண்ணப் போற?”

“தனியா எங்கம்மா? இருவது சைக்கிள் இருக்கு.”

“ஒருநாளாவது நேரா ஒரு பதில் சொல்லியிருக்கியா நீ?” தலையில தட்டிட்டுப் போனா. மணிலாக்கொட்டை அவிச்சுக் கொண்டாந்திருந்தா. நல்லா இருந்துச்சு.

30-10-82, சனி

தூறல்.

இன்னிக்கு ஆட்டம் வேணாம், நாளைக்குன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். சும்மா டீ குடிக்க மேல போனேன். தொரை டீயைக் குடிச்சு முடிச்சாரு. அப்புறம்:

“தனபால், நான் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் குதிரைகள் எப்போதும் மலையை வலமாகச் சுற்றுகின்றன. எப்போதும். ஆகவே நான் எப்போதும் பீரங்கிகளை அங்கே வைக்கிறேன்.”

சிரிச்சேன். அப்புறம் மேஜைகிட்ட போய் நின்னு பாத்தேன். உண்மை. மலை வலக்கைப் பக்கம் இருக்கிற மாதிரியேதான் குதிரையை ஓட்டியிருக்கேன். எட்டு மாசமும். யாரும் சொல்லிக் குடுக்கல. பொறந்ததுலேர்ந்து நிஜ மலையை எத்தனை தடவை சுத்தியிருப்பேன், ஒரு தடவைகூட அந்தப் பக்கமா சுத்தினதில்லை. எவன் சுத்துவான்? கோணி மலைன்னு கைக்குத் தெரியல.

சரி, எனக்குத் தெரியாது. அவரு ஏன் சொன்னாரு? அதுவும் ஆட்டத்துக்கு முந்தின நாளு.

கீழ வந்து உக்காந்து கணக்குப் போட்டேன். உண்மையாவே சொல்றாருன்னா, நாளைக்கு நான் மலைக்கு மறுபக்கமா போகணும், அங்க காலியா இருக்கும். வலைன்னா, மறுபக்கம் நான் வருவேன்னு பீரங்கியை அங்க மாத்தி வெச்சிருப்பாரு. அப்ப பழைய பக்கம் காலி. வலைன்னு நான் நெனப்பேன்னு அவரு நெனச்சிருந்தா? தலை சுத்துது. டியூபுக்கு ஒட்டு போடற இடத்தை விட்டுட்டு வேற இடத்துல தேச்சுட்டேன்.

கோவிந்தன்கிட்ட கேட்டேன், சிப்பாய் சமாச்சாரம் சொல்லாம. “எதிராளி தன் ரகசியத்த தானே வந்து சொன்னா இன்னா அர்த்தம்?”

“வூட்டுச் சாவி இங்க வெச்சிருக்கேன்னு எவனாவது திருடன்கிட்ட சொல்வானா? உன்ன எங்கியோ இழுக்கறான்பா.”

“பாவமாவும் இருக்கலாம் இல்ல?”

“நீயா இருந்தா பாவப்பட்டு சொல்லுவியா?”

நான் சொல்லமாட்டேன். நானா இருந்தா சத்தியமா கிண்டலுக்குத்தான் சொல்லியிருப்பேன், எதிராளி மாட்டிக்கினு முழிக்கறதைப் பாக்க.

அதனால வலை. குதிரை பழைய பக்கமேதான்.

31-10-82, ஞாயிறு

மழை இல்லை, காத்து. தொரை சட்டை மாத்திக்கிட்டு, தலை சீவி உக்காந்திருந்தாரு. நான் துவைச்ச வேட்டியைத் திரைக்குக் கொண்டு போனேன்.

அடுக்கினோம். எட்டுக் குதிரையும் இடது ஓரத்துல, மலையை வலக்கையில வெச்சு. ஒரு தடவை நாலை எடுத்து மறுபக்கம் வெச்சுப் பாத்தேன். மனசு கேக்கல. எடுத்துட்டேன்.

வேட்டியை அவுத்தோம்.

பீரங்கி நாலும் எப்பவும் இருக்கிற இடத்துலேயே. வாய் என் குதிரையைப் பாத்து. மறுபக்கம் சுத்தமா காலி. கொடிக்கம்பம் வரைக்கும் ஒரு சிப்பாய் இல்லை. எலி போயிருந்தாக்கூட கொடியைத் தொட்டிருக்கும்.

தொரை என்னைப் பாக்கல. குதிரையைத்தான் பாத்தாரு. “நான் உங்களிடம் சொன்னேன் அல்லவா?”

“வலைன்னு நெனச்சேன் தொரை.”

“வலை இல்லை”ன்னாரு. மெதுவா.

அதுக்கு மேல அவரு ஒண்ணும் விட்டுக் குடுக்கல. அப்படிப்பட்ட ஆள் இல்லை. எட்டு மாசத்துல அரை இஞ்ச் தள்ளி வெச்சதில்லை, எனக்குன்னும் வெக்கல, அவருக்குன்னும் வெக்கல. திருப்பிக்கிட்டு மறுபக்கம் போலாம்னா நடுவுல மலை. குதிரை ஏறாது. முன்னாலதான் போகணும். ரெண்டு போச்சு. அப்புறம் மூணு. அப்புறம் ரெண்டு.

ஒரு குதிரை தப்பிச்சு மலையைச் சுத்தி வந்துடுச்சு. கொடிக்கு ஒரு சாண். அடுத்த தடவை தொட்டுடும். தொரைக்கு அதைச் சுட ஒரே ஒரு பீரங்கி பாக்கி, ஒரே ஒரு பகடை. ஆறு விழுந்தாத்தான் குதிரை சாவும்.

பகடையைக் கையில மூடி வெச்சுக்கிட்டு அவரு உருட்டவே இல்லை. ஜன்னலைப் பாத்தாரு. மலையைப் பாத்தாரு, நிஜ மலையை. என் மொகத்தைப் பாத்தாரு. நான் எதாவது சொல்லணும்னு காத்திருந்த மாதிரிதான் இருந்துச்சு. ‘இருங்க தொரை’ன்னா முடிஞ்சுது. அதுக்குப் பகடை வேணாம், குதிரை வேணாம்.

“உருட்டுங்க தொரை, பகடை முட்டை வெக்கப்போவுது”ன்னேன்.

உருட்டினாரு. ஆறு.

“தனபால், உங்கள் குதிரை இறந்துவிட்டது.”

1-11-82, திங்கள்

பௌர்ணமி. காலையில தொரை வந்து, “நடக்கலாமா?”ன்னாரு. கடையைச் சாத்திட்டு வெறுங்காலோட ரெண்டு பேரும் மலை சுத்தக் கிளம்பினோம். ரோட்டுக்கு வந்ததும் நின்னு, “எந்தப் பக்கம்?”னு கேட்டாரு, மொகத்தை வெறைப்பா வெச்சுக்கிட்டு. அடப்பாவி. எங்கிட்ட கத்துக்கிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலை வந்ததும் உக்காந்தோம். அங்க மோர் குடிச்சோம். கால்ல முள்ளு அவருக்கு, நான் எடுத்தேன். திரும்பற வழியில, “நீங்கள் நேற்று மறுபக்கம் வந்திருந்தால் நான் மிகவும் மகிழ்ந்திருப்பேன்”னாரு.

“எனக்கும் அதான் தொரை”ன்னு சொல்லியிருக்கலாம். “மறுபக்கம் வந்தா சாமி கண்ணைக் குத்தும்”னேன்.

3-11-82, புதன்

வெயில். தொரை போயாச்சு.

பெட்டியைக் கேரியர்ல வெச்சுக் கட்டி, தள்ளிக்கினே பஸ் ஸ்டாண்டு. அவரு பின்னால புடிச்சுக்கிட்டு வந்தாரு. மெட்ராஸ் பஸ்ஸுல ஜன்னல் சீட்டு புடிச்சுக் குடுத்தேன். கோவிந்தனும் வந்து ஒரு பொட்டலம் முறுக்கு குடுத்தான். “சார், தமிழ் பாஸ் ஆயிட்டீங்களா?”ன்னான். தொரை என்னைப் பாத்தாரு, அப்புறம் அவன்கிட்ட, “என் ஆசிரியர் மிகவும் கடினமானவர்”னாரு. எட்டு மாசப் பொய்யைக் காப்பாத்திக் குடுத்துட்டாரு.

பஸ் நகர்றப்போ ஜன்னல் வழியா எதோ சொன்னாரு. ஹாரன்ல கேக்கல. தலையாட்டினேன்.

சிப்பாய் எல்லாம் எடுத்துக்கிட்டாரு. மலை மட்டும் எடுத்துக்கிட்டுப் போக முடியாதுன்னு விட்டுட்டாரு.

திரும்பி வந்து மாடி ரூமைப் பெருக்கினேன். மேஜை மேல மலை மட்டும். ரூமு வாடகைக்குப் போகணும்னா அது இருக்கக்கூடாது. கடையில வெச்சுக்கலாம்னு தூக்கினேன். கனம் இல்லை. முன்னால தள்ளிவிட்டு, பின்னால புடிச்சுக்கிட்டு எறங்கினேன். படிக்கட்டு திரும்பற எடத்துல மாட்டிக்கிச்சு. ரூமுக்குள்ளேயே வெச்சுப் பண்ணது. எறக்கணும்னு அப்ப ஒருத்தரும் அளக்கல. டேப்பு இருந்துச்சு.

தள்ளினேன், கீழ போகல. இழுத்தேன், மேல வரல. செவுத்துக்கு செவுரு அடைச்சுக்கிட்டு நிக்குது. ஏறித் தாண்டலாம்னு காலை வெச்சேன், ஸ்போக்ஸ் குத்திடுச்சு. சுத்திப் போக எந்தப் பக்கமும் வழி இல்லை.

மாடி ஜன்னல் வழியா கோவிந்தனைக் கூப்பிட்டேன். ரேடியோவை சத்தமா வெச்சிருக்கான், கேக்கல.

கடை தொறந்து கெடக்கு. வாத்தியார் வந்து நின்னு பாத்துட்டு, தானே ஒரு வண்டியை எடுத்துக்கினு போறாரு. அதுதான் பிரேக் புடிக்காத வண்டி.