கடலில் எடுக்கிற வைஃபை

மே 17

சனிக்கிழமையாவது கொஞ்சம் கூடப் படுக்கலாம் என்றிருந்தேன். விடியவே வைஃபை பூட்ட ஆள் வந்து வாசல் படலையில் நிற்கிறது. பெயர் சசிகரன். அவருடைய மகள் என் பாலர் பள்ளியில்தான் படிக்கிறாள், அதனால் வாய்க்கு வாய் டீச்சர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கதவிலும் நின்று யோசித்தார். கடைசியில் ஹோல் நடுச்சுவரில் திருஇருதயப் படம் இருக்கிற தட்டைக் கையால் காட்டினார்.

“இதுதான் டீச்சர் சரியான இடம். எல்லா அறைக் கதவும் இந்தப் பக்கம்தான் திறக்குது. உங்கட சுவர் முருகைக்கல். மூண்டு சாண் தடிப்பு. அதுக்குள்ளால சிக்னல் போகாது.”

நல்ல கதை. அம்மா இருந்த காலத்தில் பாதர் வந்து மந்திரித்து வைத்த படம் அது. அந்தத் தட்டில் நான் ஒரு சாவிக்கொத்தைக்கூட வைக்க விடுவதில்லை. ஏலாது என்று சொல்லிவிட்டேன். அதிசயமாக என் மனிசன் டொமினிக்கும் என் பக்கம் நின்றார். அவருடைய காரணம் வேறு. “தம்பி, வயர்லெஸ் எண்டா உயரம் வேணும். இந்த உயரம் காணாது.” துறைமுகச் சமிக்ஞைக் கோபுரத்தில் கப்பல்களோடு கதைத்தே பென்சன் எடுத்த மனிசனுக்கு யார் என்ன சொல்வது? சசிகரன் பெட்டியை முன் விறாந்தை மூலையில் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

எல்லாம் மகள் லதுஷாவுக்காக. அவளுடைய பிள்ளை ஏட்ரியனுக்கு ஆறு மாதம். மருமகன் மெல்ரோய்க்குக் கப்பலில் வேலை. கொழும்பில் ஒற்றை அறையில் கிடந்து, பிள்ளையை யாரோ ஒருத்தியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் இப்போது என்னிடம் வந்திருக்கிறாள். டொக்டர்மாரைக் காட்ட நேரம் பதிந்து தருகிற கொம்பனியில் தொலைபேசி எடுக்கும் வேலை. மூன்று மாதம் வீட்டிலிருந்து செய்து பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். சரிவந்தால் இங்கேயே இருப்பாள். சரிவராவிட்டால் பிள்ளையோடு திரும்பவும் அந்த ஒற்றை அறை.

சரிவர வேண்டும். அவ்வளவுதான்.

மே 19

விறாந்தையில் சிக்னல் நாலு கோடு. லதுஷாவின் அறையில் ஒரு கோடு. குசினியில் ஒன்றுமில்லை.

மே 22

பள்ளி விட்டு வந்தால் டொமினிக் கூரையில் நிற்கிறார். அறுபத்திரண்டு வயது. பழைய ரீவி அன்டெனாக் கம்பம் ஒன்று சும்மா நின்றது அல்லவா, அதன் உச்சியில் இன்னொரு பெட்டி வாங்கிப் பூட்டியிருக்கிறார். உப்புக் காற்றுக்கு ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கவிழ்த்து மூடி, சுற்றிவர ஒட்டு ரேப். விறாந்தைப் பெட்டியில் இருந்த வைஃபையை நிறுத்தியும் விட்டாராம். ஏன் என்று கேட்டேன். “ஒரு சனல்ல ரெண்டு ஸ்டேசன் கதைக்கக் கூடாது, ஐவி. அது ஒழுங்கு.”

அதற்கு ஒரு பெயர் வேறு வைத்திருக்கிறார். டொமினிக் டவர்.

“நாப்பது மைல் எடுத்தனான் நான்,” என்கிறார். எனக்கு நாற்பது மைல் வேண்டாம். ஹோலிலிருந்து மகளின் அறை வரைக்கும் எடுத்தால் காணும்.

மே 27

லதுஷாவுக்கு வேலை தொடங்கிய நாள். நான் லீவு போட்டுவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டு குசினியில் இருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் அவளுடைய குரல் மட்டும் கேட்டது. “ஐயா, கேக்குதா? ஐயா? இன்னொருக்காச் சொல்லுங்கோ.” யாரோ வயதான மனிசர், கண் டொக்டரைக் காட்ட நாள் கேட்டு எடுத்திருக்கிறார். மூன்று தரம் எடுத்து மூன்று தரமும் அறுந்துவிட்டது. நாலாம் தரம் அவர் எடுக்கவேயில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தவள் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். “பாவம் அம்மா அந்தாள்,” என்றாள்.

ஹோலில் டொமினிக் ரீவியில் பார்க்கிற குத்துச்சண்டையும் அறுந்து அறுந்துதான் ஓடியது. ஓங்கிய கை ஓங்கினபடி நிற்க, திரையில் வட்டம் சுற்றுகிறது. அதற்கும் இவர் வைஃபைக் கொம்பனியைத்தான் ஏசுகிறார்.

மே 30

சுப்பவைசர் அம்ரா எடுத்துக் கதைத்திருக்கிறா. நல்ல பிள்ளையாம், கோபிக்கவில்லையாம். “கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு, லதுஷா,” என்றாவாம். இதை எனக்குச் சொல்லும்போது லதுஷா சிரித்தாள். அழுகைக்குப் பதிலாகச் சிரிக்கிறவள் அவள்.

ஜூன் 1

திருஇருதய மாதம் பிறந்துவிட்டது. தட்டைத் துடைத்து, புது லேஸ் விரித்து, செவ்வரத்தம்பூ வைத்தேன். பின்னேரச் செபத்தில் ஒளிக்காமல் கேட்டேன்: இந்தப் பிள்ளைகளை என்னோடு விட்டுவிடும் என்று. வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூன் 3

இதை எழுதுவதா விடுவதா என்று தெரியவில்லை. சிரிப்பாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

மீன் வாங்கக் கடற்கரைப் பக்கம் போனேன். றஊப் தன் படகைக் கழுவிக்கொண்டு நின்றார். டொல்பின் பார்க்க வெள்ளைக்காரரை ஏற்றிப் போகிறவர், டொமினிக்கை அந்த நாளிலிருந்தே தெரியும். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“டீச்சர், டொமினிக் அண்ணன்ட வைஃபை நல்லா எடுக்குது.”

“எங்க எடுக்குது?”

“கடல்லதான். படகைத் தள்ளி வெளிய எடுத்த உடனே எல்லாற்ற போனிலயும் டொமினிக் டவர் எண்டு விழுது. நாலு கோடும் அப்பிடியே நிக்குது. பாஸ்வேட்தான் ஒருத்தருக்கும் தெரியாது.”

என் மகளுக்கு அறைக்குள் ஒரு கோடுகூட ஒழுங்காய் நிற்பதில்லை. டொல்பினுக்கு நாலு கோடு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, பிள்ளை எழும்பிவிட்டது. டொமினிக் போனை எடுத்துக்கொண்டு நேரே கடற்கரைக்கு நடந்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

பிறகு தானே சொன்னார். “அன்டெனா பக்கவாட்டிலதான் வீசும், ஐவி. காலுக்குக் கீழ விழாது. எனக்குத் தெரிஞ்ச விசயம்தான். கோபுரத்துக்குக் கீழ அங்க ஆர் இருந்தது? கதைக்க வேண்டின ஆக்கள் எல்லாம் தூரத்திலதானே நிண்டவை.”

ஏச இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன்.

ஜூன் 4

கம்பத்திலிருந்து பெட்டி இறங்கிவிட்டது. நாள் முழுக்க அந்தப் பெட்டியும் நீள வயரும் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் திரிந்தார். அலுமாரிக்கு மேல், குசினி யன்னலில், மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில். மகளின் அறையில் வைத்தால் அவளுக்கு எடுக்கிறது, வேறெங்கும் இல்லை. அதுவாவது போதுமே என்றேன். லதுஷா இல்லையென்று தலையாட்டினாள். “பிள்ளை முழிச்சா நான் குசினிக்குப் போய்த்தான் கதைக்க வேணும், அம்மா. அங்கயும் எடுக்க வேணும்.” உண்மைதான். வேலை அறைக்குள் இருக்கும், பிள்ளை இராது.

பின்னேரம் அவள் மெல்ரோயோடு கதைத்தது காதில் விழுந்தது. “இந்த மாதத்துக்குள்ள சரிவராட்டி ஒபிசுக்கே திரும்பி வரச் சொல்லிட்டினம்.” கட்டிலுக்கு அடியிலிருந்து பயணப் பையை வெளியே இழுத்து வைத்திருக்கிறாள். தூசு தட்டத்தானாம். ஓம், தூசு தட்டத்தான்.

ஏன் ஒருத்தரும் அந்தத் தட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை? டொமினிக் ஹோலைக் கடக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறார். என்னைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். கேட்டால் என்ன? நான் என்ன கடிக்கவா போகிறேன்?

கடித்திருப்பேன்தான்.

ஜூன் 6

முதல் வெள்ளி. பூசைக்குப் போக முன்னமே தட்டுக்கு முன்னால் நின்றேன். பூச்சாடியை எடுத்தேன். மெழுகுதிரிக் காலை இந்தப் பக்கம் வைத்தேன். படத்தை ஒரு சாண் நகர்த்தினேன். “ஆண்டவரே, கொஞ்சம் அங்கால அரக்கி இரும். பேரப்பிள்ளைக்காகத்தான் கேக்கிறன்.” சொல்லிவிட்டுத் திரும்பினால் டொமினிக் பின்னால் நிற்கிறார், பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவர் பூட்டினார், நான் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூசையில் பாதரின் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. கடவுள் கோபித்திருப்பாரோ என்று ஒரு பக்கம். கோபித்தால் கோபிக்கட்டும், அவருக்கும் ஒரு அம்மா இருந்தவதானே என்று மறுபக்கம்.

வீட்டுக்கு வந்தால் லதுஷா போனைக் காதில் வைத்தபடி ஹோலிலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து அறைக்கு நடக்கிறாள். தோளில் பிள்ளை. “ஓம் அம்மா, வியாழக்கிழமை நாலு மணிக்கு. நம்பர் ஏழு.” குரல் ஒரு இடத்திலும் அறவில்லை.

ஜூன் 8

டொமினிக் புது வேதம் கண்டுபிடித்தவர் மாதிரித் திரிகிறார். பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, என்னை இருத்தி வைத்து விளக்கம். வைஃபைக்குள் ஒரு வரிசை இருக்கிறதாம். முதலில் குரல். அடுத்தது படம். அதற்குப் பிறகு மற்றதெல்லாம். ஒரே நேரத்தில் எல்லாம் வந்து முட்டினால் குரலுக்குத்தான் முதல் வழி விட வேண்டுமாம். உலகம் முழுக்க இதுதான் ஒழுங்காம்.

“எங்கட கோபுரத்திலயும் அதுதான் சட்டம், ஐவி. ஆபத்தெண்டு ஒரு குரல் வந்தா மற்ற எல்லாரும் வாயை மூட வேணும். ஆர் எழுதினாங்களோ தெரியாது, விசயம் தெரிஞ்ச ஆக்கள்.”

அந்த வரிசையைப் பெட்டியில் இயக்கிவிட்டாராம். போதாததற்குத் தன் ரீவிக்கு வயர் இழுத்துவிட்டார். “நகராத சாமானுக்கு என்னத்துக்குக் காத்து? காத்தை நடக்கிற ஆக்களுக்கு விடுவம்.” இந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கு அவருக்கு இரண்டு மீன் துண்டு.

ஜூன் 13

லதுஷா தன் வேலை மேசையில் இருந்து பாடினாள். தனக்குத்தான் பாடினாள். கொழும்பிலிருந்து வந்தபிறகு இன்றுதான் கேட்கிறேன்.

ஜூன் 27

திருஇருதயத் திருநாள். பின்னேரம் கரண்ட் போய்விட்டது. லதுஷா யாரோ கிழவியோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள். டொமினிக் மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும், உடுத்த சாரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. அறுந்த லைனுக்குக் கிழவி திரும்ப எடுக்க முதல் பெட்டியில் வெளிச்சம் வந்துவிட்டது. இப்போது அந்தப் பற்றரிக்கும் தட்டுக்குக் கீழே ஒரு இடம்.

ஜூலை 11

மெல்ரோய் கப்பலிலிருந்து வீடியோவில் வந்தான். பிள்ளைக்கு முதல் பல். போனை வாய்க்குள்ளேயே வைத்துக் காட்டினோம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சிக்னல் பிழை என்று சொல்லிச் சமாளித்தான்.

ஜூலை 29

கையில் கிடைத்தது பறிபோகும் என்று தெரிந்திருந்தால் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேன்.

அம்ரா எடுத்தாவாம். லதுஷாவின் குரல்தான் அங்கே எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறார்களாம், இப்படித்தான் கதைக்க வேணும் என்று. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழக்க ஒரு ஆள் வேண்டுமாம். சம்பளமும் கூடவாம். ஆனால் கொழும்பு ஒபிசில் இருக்க வேணுமாம்.

“நீ என்ன சொன்னனி?”

“யோசிச்சுச் சொல்றன் எண்டனான்.”

டொமினிக் ஒரு பக்கம் பெருமையில் நிற்கிறார், மறு பக்கம் முகம் தொங்கிப் போயிருக்கிறது. எனக்குப் பெருமையும் இல்லை ஒன்றுமில்லை. கோபம் — ஆரில எண்டுதான் தெரியேல்ல. கிணத்துக்குள்ள இருந்து கதைச்சா அனுப்புவினம், நல்லாக் கதைச்சாலும் அனுப்புவினம். அப்ப நான் ஆண்டவரை அரக்கி வச்சது என்னத்துக்கு?

ஜூலை 30

நேற்று எழுதியதை வாசித்தேன். கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 3

பூசை முடிந்து வரும்போது அவளிடம் சொன்னேன். “போறதெண்டா சந்தோசமாப் போ, பிள்ளை. எங்களைப் பாத்து நில்லாத.” வாய் சொன்னது. மனம் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

“ம்,” என்றாள். பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

கேட்பதில்லை என்று முடிவு. அவளாகச் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 7

கேட்கவில்லை. டொமினிக்கையும் கேட்க விடவில்லை.

ஆகஸ்ட் 12

பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சியைப் பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ், ஏட்ரியனின் சத்தம் கேட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தா. நிறை பார்த்தா, நல்ல நிறை. ஊசிக் கார்டை வாங்கிப் புரட்டினா. எல்லாம் கொழும்பில் போட்டது.

“பேரை எங்கட கிளினிக்கில பதியட்டா, டீச்சர்? வந்து போற பிள்ளையெண்டா அங்கயே இருக்கட்டும். ரெண்டு இடத்தில இருந்தா எங்களுக்குக் கரைச்சல்.”

என்னத்தைச் சொல்வது? லதுஷா மேசையில் இருந்தாள், காதில் ஹெட்போன், யாரோ ஒருவருக்கு டொக்டரின் நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். மிஸ் பேனையைத் திறந்தபடி என் முகத்தைப் பார்க்கிறா. நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

“ஒரு நிமிசம் லைனில நில்லுங்கோ, ஐயா,” என்ற குரல் கேட்டது. ஏதோ ஒரு பொத்தானை அமத்திவிட்டு லதுஷா திரும்பினாள்.

“பதியுங்கோ மிஸ். அவன் இஞ்சதான் வளருவான். நான் எங்கட ஒபிஸ் ஆக்களுக்குப் போன கிழமையே சொல்லிட்டன், பழக்கிறதெண்டா இஞ்ச இருந்துதான் பழக்குவன் எண்டு. ஓம் எண்டிட்டினம்.”

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மிஸ்ஸிடம்தான் சொன்னாள். திரும்பவும் பொத்தானை அமத்தினாள். “சொல்லுங்கோ ஐயா, வெள்ளியா சனியா?”

நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். சீனி போட்டேனா இல்லையா என்று இப்போதும் நினைவில்லை. மிஸ் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுப் போனா.