இருபத்து நாலு நாற்காலி

என் கணக்குப்பிள்ளைக்கு,

உன் வகுப்பை இன்னும் நான்தான் கூட்டுகிறேன். கூட்டி முடித்ததும் நாற்காலிகளை வரிசை போடுவது நம் இரண்டு பேர் வேலையாக இருந்தது. எத்தனை எத்தனையாகப் போடணும் என்று தினமும் நீதான் சொல்வாய்.

"அம்மா, இருபத்து நாலு ரொம்ப நல்ல பிள்ளை. மூணு மூணா, நாலு நாலா, ஆறு ஆறா, எப்படிச் சொன்னாலும் கேட்கும்."

"உங்கப்பா மாதிரி இல்லைன்னு சொல்லு" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் மட்டும் திரும்பி வந்த பிறகு, உன் நாற்காலியை மூலையில் ஒதுக்கிவிட்டு மற்றதைப் போட்டுப் பார்த்தேன். இருபத்து மூணு. மூணு மூணாகப் போட்டால் இரண்டு மிச்சம். நாலு நாலாகப் போட்டால் கடைசி வரிசையில் ஒன்று குறைகிறது. ஆறு ஆறாகப் போட்டாலும் அதே ஒன்று. மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். உன் டீச்சர் உள்ளே வந்து என் கையைப் பிடித்தார்.

"அது பகா எண்ணும்மா. எதுலயும் சமமாப் பிரியாது. விட்டுடுங்க."

விட்டுவிட்டேன். அன்றிலிருந்து கோணல்மாணலாகத்தான் கிடக்கிறது.

நாளைக்கு ஒரு புதுப் பெண் சேருகிறாளாம். மறுபடியும் இருபத்து நாலு. உன் நாற்காலியை எடுத்துத் துடைத்தேன். முதுகில் நீ ஒட்டிய நட்சத்திரத்தைச் சுரண்ட நகம் வைத்தேன். கை வரவில்லை. அவளும் சின்னப் பெண்தானே, நட்சத்திரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

நாளைக்கு எத்தனை எத்தனையாகப் போடட்டும், கண்ணு?

உன் அம்மா